பதினான்காம் எண்ணில் உள்ள பெயர்

அன்புள்ள பேத்தி ரோவெலினுக்கு,

அன்றைக்கு என் முறை வரும்வரை கூடைப்பந்து மைதானத்தில் இருந்தவர்கள் இவர்கள். நம் ஊர்த்தலைவன் கப்பித்தான் டெமெட்ரியோ சாபங்கான், தலையில் தொப்பி, கையில் ஒலிபெருக்கி. அவன் பெண்டாட்டியின் தங்கை நிம்ஃபா, ஊர் மன்றத்துச் செயலர். தாள் செருகிய பலகை அவள் கையில்தான் இருந்தது. பக்கத்து வீட்டு பாசியானா, உன் ஞானத்தாய், வெயிலே இல்லாத நாளில் குடையோடு. தச்சன் தெயோதோரோ, ஒரு காது கேட்காதவன். ஏழு மாதக் கர்ப்பிணி கிரிசெல். மேல்தெருவிலிருந்து ஒன்பது பேர்; அவர்கள் பெயர்களைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் இருவர். ஒருவன் வெள்ளை ஷூ போட்டவன், இன்னொருவன் கேமரா வைத்திருந்த இளைஞன். அவர்கள் பெயர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தெயோதோரோவின் நாயும் இருந்தது. அதை ஏன் எழுதுகிறாய் என்று கேட்காதே. அந்த இரண்டு பேரைப் பார்த்து அன்றைக்குக் குரைத்தது அது ஒன்றுதான். பிறகு நான்.

நீ இல்லை. வியாழக்கிழமை, பள்ளி நாள். நீ பத்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாய். இன்னொரு தடவை எழுதுகிறேன்: நீ அங்கே இல்லை.

உன் வக்கீலம்மா கேட்டனுப்பியது ஒரே ஒரு கேள்விதான் என்று எனக்குப் புரிந்தது. அந்தப் பட்டியலில் பதினான்காவதாக உன் பெயரை எழுதியது யார்? அது தெரிந்தால், நீ போடாத கையெழுத்து அது என்று நீதிபதியிடம் காட்டி உன் பெயரை எடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தாள். பதில் சொல்கிறேன். ஆனால் என் வழியில்தான் சொல்வேன். எனக்காக யாரையும் எழுதச் சொல்லவில்லை. புதன்கிழமை தொடங்கினேன், இன்று சனி. ஒரு வரிக்கு ஒரு தடவை எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். எழுத்து கோணலாகப் போயிருக்கும் இடங்களில், அந்த மோட்டார் சைக்கிள் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்.

சிவப்பு மோட்டார் சைக்கிள். எண் பலகை இல்லை. தினமும் காலையில் நான் கஞ்சி வைக்கிற நேரத்துக்கு வரும். பாசியானா கடையில் நிற்கும். ஒரே ஒரு சிகரெட் வாங்குவார்கள். ஒரு பாக்கெட் வாங்கினால் என்ன, தினம் வரவேண்டாமே! வெள்ளை ஷூக்காரன் நம் வேலிப்பக்கம் திரும்பி, "லோலா, சாப்பிட்டாச்சா? பேத்தி எப்படி இருக்கா?" என்று கேட்பான். கோபமாகக் கேட்டால்கூடப் பரவாயில்லை. லோலா லோலா என்று தன் சொந்தப் பாட்டியிடம் கேட்பதுபோல அவ்வளவு அன்பாகக் கேட்கிறான். அவன் போன பிறகு கருவாடு வாயில் வைத்தால் மரத்தூள் மாதிரி இருக்கிறது. நான் இப்போது நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறேன், மகளே. எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும் என்று முழங்காலுக்குத் தெரிந்திருக்கிறது.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்குத் தெரியும். ஆகஸ்ட் மாதம் நீ பள்ளியில் போட்ட நாடகத்தில் தொடங்கியது. அந்தச் சலவைக்காரி நாவலை எத்தனை வருஷமாகப் பத்தாம் வகுப்பில் படிக்கிறார்கள்! யாரும் யார்மேலும் கோபப்பட்டதில்லை. அதில் வரும் பெரியவீட்டுக்காரனாக நடித்த பெண், தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டு, கப்பித்தான் டெமெட்ரியோ சொறிவதுபோலவே இடது கையால் வயிற்றைச் சொறிந்தாள். நீ சொல்லிக்கொடுக்கவில்லை. ஊர்க் குழந்தை, ஊரில் பார்த்ததைச் செய்தது. எல்லாரும் சிரித்தார்கள். கப்பித்தானும் சிரித்தான். நான் அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவன் காது இரண்டும் வேகவைத்த நண்டு மாதிரி சிவந்துபோயின. முடிந்த பிறகு உன்னிடம் வந்து, "பொண்ணு நல்லா நடிக்குது. யாரு சொல்லிக் குடுத்தது, டீச்சரா?" என்றான். நீ சிரித்துக்கொண்டே, "புத்தகம்தான் சொல்லிக் குடுத்துச்சு, கப்பித்தான்" என்றாய். அவன் அப்பாவை எனக்குத் தெரியும். சேவல் சண்டையில் தன்னைப் பார்த்துச் சிரித்தவனை ஆறு வருஷம் கழித்துப் படகுத்துறையில் வேலைக்கு வரவேண்டாம் என்று சொன்ன குடும்பம் அது.

அடுத்த மாதமே இரண்டு பேர் பள்ளிக்கு வந்து என்ன புத்தகம் நடத்துகிறாய் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். நீ அதைச் சிரிப்பாகச் சொன்னாய். சனிக்கிழமைகளில் எங்களுக்கு நடத்துகிற வகுப்பைப் பற்றியும் கேட்டார்கள் என்பதை நீ சொல்லவில்லை. கிரிசெல்தான் சொன்னாள்.

அந்த வகுப்பைப் பற்றி வக்கீலம்மாவுக்குத் தெரியவேண்டும். அங்கே துப்பாக்கியைப் பற்றி யாரும் பேசவில்லை. அதே கூடைப்பந்து மைதானத்தில், கூரைக்கடியில், நாங்கள் பதினோரு கிழவிகள், கிரிசெலைப் போல இரண்டு மூன்று இளையவர்கள். முதல் நாள் நீ சொன்னது நினைவிருக்கிறதா? முதலில் உங்கள் பெயரை எழுதக் கற்றுக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு உங்களுக்கு மிகவும் பிரியமானவர் பெயரை எழுதக் கற்றுக்கொள்ளுங்கள் என்றாய். பாசியானா தன் பன்றியின் பெயரை எழுதினாள். "புருஷன் பேரு எழுதுடி" என்றேன். "அந்தாளு பேரு நீளம். அதுவுமில்லாம பன்னி கூப்பிட்டா வருது" என்றாள். நீ கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

எனக்கு எழுத்து முழுக்கப் புதிதல்ல. இரண்டாம் வகுப்புவரை போனேன். செருப்பில்லாமல் வந்ததற்காக மிஸிஸ் ஃபோர்த்துனாத்தா என்னைக் கொடிக்கம்பத்தின் அடியில் பகல் முழுதும் நிற்கவைத்தாள். அதோடு நான் போகவில்லை. அறுபத்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் செத்துப்போனபோது எல்லாரும் மெழுகுவத்தியோடு போனார்கள், நான் போகவில்லை. எனக்கு எஸ்கோலாஸ்டிகா என்று பெயர் வைத்த பாதிரியாரே, பெயரில் மட்டும் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று என்னைக் கேலி செய்வார். எழுபதாவது வயதில் நீதான் என்னை மறுபடி பெஞ்சில் உட்காரவைத்தாய்.

நீ நாவலைப் படிப்பாய், நாங்கள் கேட்போம். சலவைக்காரியின் மகள் இசியா, மற்றவர்கள் துணியில் தைத்திருக்கும் அடையாள எழுத்துகளைப் பார்த்து எழுத்துக் கற்றுக்கொள்கிற இடம் வந்தபோது நான் மூக்கைச் சிந்தினேன். முப்பது வருஷம் ஊர்த் துணி துவைத்தவள் நான். என் கையிலும் எத்தனையோ எழுத்து போயிருக்கிறது. ஒன்றையும் நான் நிறுத்திப் பார்க்கவில்லை. அவளுடைய பலகையை எரிக்கிறார்கள், அவள் ஆற்று மணலில் எழுதுகிறாள். மணலை மிதிக்கிறார்கள், அவள் ஈரத்துணியில் சோப்பால் எழுதுகிறாள். கிரிசெல் கையை உயர்த்தி, "டீச்சர், இவளுக்குக் கையே வலிக்காதா?" என்று கேட்டாள்.

பிறகு பதினோராம் அத்தியாயம். இசியாவின் அம்மாவிடம் ஒரு தாளைக் கொடுக்கிறார்கள். தாளின் மேல்பகுதி மடித்திருக்கிறது. அவள் கேட்காமல் கட்டைவிரலை அழுத்துகிறாள். வீடு போகிறது. நீ புத்தகத்தை மூடிவிட்டு எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தாய். "லோலாக்களே, இந்த வருஷம் முழுக்க நான் நடத்துனதுல இது ஒண்ணு மட்டும் ஞாபகம் இருந்தா போதும். மேல என்ன இருக்குன்னு படிக்காம கீழே கை வைக்காதீங்க. படிக்க நேரம் ஆனா ஆகட்டும். நிக்கறவன் நிக்கட்டும்" என்றாய். நாங்கள் எல்லாரும் சரி என்றோம். பாசியானா அந்த அம்மாவைத் திட்டினாள், முட்டாள் பொம்பளை என்று. நானும் சேர்ந்து திட்டினேன். இதை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

இப்போது அந்த வியாழக்கிழமை. புயல் போய் ஒன்பது நாள். கூரைத் தகரம் இன்னும் வாழைத் தோப்பில் கிடந்தது. காலையில் கப்பித்தான் ஒலிபெருக்கியில் கூப்பிட்டான்: ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி, இரண்டு டின் மீன், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊரில் நாலு பேர் கூடினால் ஒரு தாள் சுற்றி வரும், அது உனக்குத் தெரியும். திருவிழாக் கூட்டமா, பன்றிக்கு ஊசி போடுகிற நாளா, மருந்து தெளிப்பா, எல்லாவற்றுக்கும் தாள். பெயர், கையெழுத்து, அடுத்த ஆளிடம் தள்ளு. வராதவர்களுக்காக வீட்டுக்காரர்கள் எழுதுவதும் வழக்கம். அன்றைக்குக் கப்பித்தான் அதையும் வாய்விட்டுச் சொன்னான்: "வேலைக்குப் போனவங்க பேருக்கு வீட்ல இருக்கறவங்களே எழுதிக்கலாம், பரவாயில்ல!" இதை வக்கீலம்மா கோடு போட்டு வைத்துக்கொள்ளட்டும். நான் சொன்னதில் ஒரு சொல்லும் மாறாது. நான் சண்டைகளை மறப்பதில்லை என்று நீ கேலி செய்வாயே, அதற்கு இப்போது ஒரு வேலை வந்திருக்கிறது.

மேல்தெரு ஒன்பது பேர் முதலில் போட்டார்கள். பிறகு பாசியானா, தெயோதோரோ, கிரிசெல். அதற்குப் பிறகு நான். எனக்குப் பின்னால் இன்னும் நிறையப் பேர் சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள், மழை தூறத் தொடங்கியிருந்தது. நிம்ஃபா பலகையை நீட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "லோலா, கட்டைவிரலுக்கு மை கொண்டுவரட்டுமா?" என்றாள். நான் பேனாவைக் கேட்டு வாங்கி என் பெயரை முழுதாக எழுதினேன். பதின்மூன்று. எழுபத்தொரு வயதில் முதல் தடவையாக ஊர் பார்க்க எழுதினேன். நிம்ஃபாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

அதற்கு மேல் நடந்ததைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போது முடியவில்லை.

அரிசிப் பையோடு எங்களை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தான் அந்தக் கேமராக்காரன். நான் பல் தெரியச் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், மன்றத்துச் சுவரில் அதே படம், பெரிதாக. மேலே, காட்டிலிருந்து இறங்கி வந்து அரசிடம் சரணடைந்த கிளர்ச்சிக்காரர்கள் என்று எழுதியிருந்தது. கீழே எங்கள் பெயர்கள். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் காட்டில் இருந்தேனாம்! கிரிசெல் வயிற்றுப் பிள்ளையோடு இருந்தாளாம். தெயோதோரோ ஒரு காதால் காவல் காத்திருப்பான். சிரிக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பதினான்காம் எண்ணைப் படிக்கிறவரை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ரோவெலின் அப்ரெனிகா மக்தாயோ. அடைப்புக்குள் ஆசிரியை என்று வேறு.

மற்றவர்களை ஒருவரும் தேடவில்லை. கிழடுகளும் கர்ப்பிணியும் யாருக்கு வேண்டும். நீ அந்தத் திங்கட்கிழமை மன்றத்துக்குப் போய், நான் அன்று வகுப்பில் இருந்தேன், இது என் கையெழுத்தில்லை என்று சொன்னாய். செவ்வாய்க்கிழமை முதல் மோட்டார் சைக்கிள் பள்ளி வாசலில் நின்றது. வெள்ளிக்கிழமை விடியற்காலை நீ வாழைக்காய் லாரியில் ஏறினாய். உன் தோளில் கையை வைத்தபோது ஒரு விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஓட்டுநர் அவசரப்படுத்தினான். அவன்மேல் பழியைப் போட எனக்கு ஆசைதான். ஆனால் அவன் அவசரப்படுத்தியது நான் வாயை மூடிய பிறகு.

இப்போது ஊரில் பேசுகிறார்கள்: சரணடைந்தவள் காணாமல் போனால், மறுபடி காட்டுக்குப் போய்விட்டாள் என்றுதானே அர்த்தம். கப்பித்தானே சொன்னானாம். ஒரு தடவை ராணுவ முகாமுக்கு வந்து நேரில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்துபோகும் என்று உனக்குச் சொல்லி அனுப்பச் சொன்னான். நீயும் அதை யோசிக்கிறாய் என்று நீ ஆள் மூலம் அனுப்பிய சீட்டில் இருந்தது. என் பிள்ளைகள் மார்ச்சில் தேர்வு எழுதவேண்டும், உங்களைத் தனியாக விட்டிருக்கிறேன், வந்துவிடட்டுமா லோலா என்று கேட்டிருந்தாய். அதைப் படித்த அன்று முழுதும் வேலிக்கும் அடுப்படிக்கும் நடந்தேன்.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குள் வந்தார்கள். ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள், அதைச் சொல்லவேண்டும். வெள்ளை ஷூக்காரன் என் மேஜைமேல் ஒரு தாளை வைத்தான். "லோலா, ஒரே ஒரு கையெழுத்து. உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி" என்றான்.

பாவாடை நனைந்துவிடுமோ என்று தொடையை இறுக்கிக்கொண்டேன். பேனாவை எடுத்துக் கையில் கொடுத்தே விட்டான். நானும் வாங்கிவிட்டேன். அப்போதுதான் தாளைப் பார்த்தேன். இந்தத் தடவை எதுவும் மடித்திருக்கவில்லை. "படிச்சுட்டுப் போடறேன் தம்பி" என்றேன்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?" என்று இளையவன் கேட்டான்.

"சனிக்கிழமை பள்ளிக்கூடத்துல படிச்சேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதான். விரலை முதல் எழுத்தின் அடியில் வைத்தேன், நீ காட்டிக்கொடுத்தபடி. சத்தமாக, எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். 'நான்' என்ற சொல்லுக்கே ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டேன். "'மேற்படி'ன்னா என்ன தம்பி?" என்றேன். சொன்னான். "'சாட்சியம்'னா?" சொன்னான். "நல்லா சொல்றீங்க, நீங்களும் டீச்சராப் போயிருக்கலாம்" என்றேன். இளையவன் சிரித்துவிட்டான், பெரியவன் சிரிக்கவில்லை.

சத்தம் கேட்டுப் பாசியானா முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "எந்த அத்தியாயம்டி?" என்று கேட்டாள். அவள் குரல் ஆடியது, இருந்தாலும் கேட்டாள். பின்னாலேயே கிரிசெல். அப்புறம் தெயோதோரோ, கேட்காத காதை என் பக்கம் வைத்துக்கொண்டு, "என்ன படிக்கிற? ஒண்ணும் கேக்கல, மொதல்லேர்ந்து படி!" என்று கத்தினான். நான் முதலிலிருந்து படித்தேன். அவன் வேண்டுமென்றே அந்தக் காதை வைத்தானா என்று இன்றுவரை கேட்கவில்லை. வாசலில் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாம் வரிக்கு வர ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அந்த வரியில் இருந்தது: என் பேத்தி ரோவெலின் தன் கையாலேயே அன்று கையெழுத்திட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

படித்துவிட்டு நிறுத்தினேன். "இது நடக்கலியே தம்பி" என்றேன். "அவ அன்னைக்கு வகுப்புல இருந்தா." அவ்வளவுதான் என்னால் முடிந்தது, மகளே. மீதியைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

வெள்ளை ஷூக்காரன் வாசலில் நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். பிறகு எழுந்து, என் தோளைத் தட்டி, "அவசரமில்ல லோலா. திங்கக்கிழமை வரோம். கூட்டம் இல்லாத நேரமா வரோம். அதுக்குள்ள மனப்பாடம் பண்ணி வைங்க" என்றான். தாளை உப்பு ஜாடிக்கு அடியில் செருகிவிட்டுப் போனான். அவர்கள் போன பிறகு பாசியானா என் அடுப்படியில் வாந்தி எடுத்தாள். நான் தரையைத் துடைத்தேன்.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். அவன் விட்டுவிட்டுப் போனது அவன் தப்பு. அதில் என்ன இருக்கிறது என்று வக்கீலம்மா நீதிபதிக்குப் படித்துக் காட்டட்டும், நான் படித்ததைவிட வேகமாக. திங்கட்கிழமை அவர்கள் தாள் எங்கே என்று கேட்பார்கள். என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. எலி தின்றுவிட்டது என்று சொல்லிப் பார்க்கிறேன், கண்ணாடி முன்னால். என் முகமே நம்பமாட்டேன் என்கிறது. பாசியானா ஞாயிறு ராத்திரியிலிருந்து இங்கே வந்து படுக்கிறேன் என்கிறாள். வேண்டாம் என்றேன். பன்றியையும் கூட்டிவருவாளாம்.

உன் வகுப்பில் நாவலை நிறுத்திவிட்டார்கள். உன் மாணவிகள் பாசியானா கடைக்கு மிட்டாய் வாங்க வருகிற சாக்கில் வேலிப்பக்கம் வந்து, "லோலா, கடைசியில இசியா ஊருக்குத் திரும்பி வருவாளா? டீச்சர் சொன்னாங்களா?" என்று ரகசியமாகக் கேட்கிறார்கள். எனக்கும் தெரியாது என்றேன். உன் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. எங்கே என்று எழுதமாட்டேன். தினம் அரைப் பக்கம் படிக்கிறேன். இன்னும் நாற்பது பக்கம் பாக்கி. இந்தக் கணக்கில் தேர்வுக்குள் முடித்துவிடுவேன். முடித்ததும் அந்தப் பெண்களுக்கு நான் சொல்கிறேன். அந்தக் கவலையை விடு.

புத்தகத்தில் அவள் திரும்பி வந்தாலும், நீ வராதே.

இப்போது அந்த மீதி. வக்கீலம்மா, இது உங்களுக்கும்.

என் பெயரை எழுதி முடித்தபோது நிம்ஃபாவின் கட்டைவிரல் தாளின் மேல்பகுதியில் இருந்தது. மேலே இரண்டு விரல் அகலத்துக்குத் தாள் பின்பக்கமாக மடித்துப் பலகையின் கிளிப்புக்குள் செருகியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். தெரியாமல் செய்தேன் என்று யாராவது எனக்காகச் சொன்னால் நம்பாதீர்கள். பார்த்தேன். பதினோராம் அத்தியாயம் அப்படியே நினைவுக்கு வந்தது. மடித்ததைப் பிரித்துக் காட்டு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பிரித்தால் படிக்கவேண்டும். படித்தால் எழுத்து எழுத்தாகக் கூட்டவேண்டும். பின்னால் வரிசை, மழை. நிம்ஃபா சிரிப்பாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் ஊர் பார்க்கக் கையெழுத்துப் போட்டுப் பெருமையாக நின்றேன். அந்தப் பெருமையைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. வெட்கப்பட்டேன். படித்துக் காட்ட வெட்கப்பட்டுப் படிக்காமல் விட்டேன்.

அப்போது நிம்ஃபா கேட்டாள்: "பேத்திக்கு அரிசி வேண்டாமா? டீச்சர் பேரும் எழுதத் தெரியுமா, இல்ல உங்க பேரு மட்டும்தானா?"

எனக்கு நன்றாக எழுத வருகிற பெயர்கள் உலகத்தில் இரண்டுதான். ஒன்றைத்தான் எழுதியாகிவிட்டதே. இரண்டாவதை எழுதிக் காட்டினேன். பதினான்கு. ஓர் எழுத்துகூடப் பிழையில்லை.

என் சனிக்கிழமை நோட்டுப் புத்தகத்தையும் அனுப்புகிறேன். நாற்பது பக்கம் முழுக்க ஒரே பெயர். முதல் எழுத்தின் கால், கொடியில் காயும் துணியின் நாடா மாதிரி நீளமாகத் தொங்கும்; அதைச் சுருக்கு லோலா என்று நீ எத்தனை தடவை சொன்னாய், எனக்கு வரவில்லை. பட்டியலில் இருக்கிற பெயரையும் நோட்டில் இருக்கிற பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நீதிபதி படித்தவர், பார்த்தால் தெரிந்துவிடும். எழுதியவள் யார் என்று தெரிந்த பிறகு, என்னைக் கூப்பிட்டு என்ன செய்வார்களோ தெரியாது. பயமாக இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் இந்தத் தடவை மேலே இருப்பதை எல்லாம் படித்துவிட்டுத்தான் கீழே கை வைக்கிறேன்.

நாளை பூசைக்குப் பிறகு இந்தப் பொட்டலம் ஒருவர் கையில் புறப்படும். அவர் பெயரைக் கேட்காதே. கிடைத்ததும் பதில் எழுதவேண்டாம். நீ இருக்கும் இடம் எனக்கும் தெரியவேண்டாம். கேட்டால் சொல்லிவிடுவேனோ என்று என்மேலேயே நம்பிக்கை இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. கூந்தலைக் கட்டி வை, தூரத்திலிருந்து பார்த்தாலே நீதான் என்று தெரியும்.

வீட்டில் இருந்தால் என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டுதானே பள்ளிக்குக் கிளம்புவாய். இந்தத் தாள்மேல் நாலு நாள் என் கை இருந்திருக்கிறது. இதை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள். ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும், மகளே. எங்கே இருந்தாலும் யாருக்காவது பாடம் நடத்திக்கொண்டிரு.

கப்பித்தான் டெமெட்ரியோவை என் சாவுக்கு முன்னால் என்றைக்காவது மன்னித்தாலும் மன்னிப்பேன். அவனைப் பார்த்து ஊரே சிரித்தது. நிம்ஃபாவுக்குத் தன் அக்கா புருஷன் சொன்னதைத் தட்ட முடியாது. அந்த ஷூக்காரனுக்கும் யாரோ ஒருத்தி பாட்டியாக இருப்பாள். மிஸிஸ் ஃபோர்த்துனாத்தாவைக்கூட நேற்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தேன். மடித்த தாளைப் பற்றி இவர்கள் யாருக்கும் நீ சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லிக்கொடுத்தும் செய்தவள் ஒருத்தி. அவளை மட்டும் மன்னிக்கமாட்டேன், நீ கேட்டாலும். அவள் பெயரை, அவள் கையாலேயே, கீழே எழுதுகிறேன்.

எஸ்கோலாஸ்டிகா அப்ரெனிகா